பூட்டுக்கடையைத் தாண்டுவதற்குள்

வலது கை மட்டும் ஒத்து வரவில்லை. இடது கையைச் சட்டைக்குள் விட்டாயிற்று. உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, முதுகுக்கு அடியில் துணியை இழுத்து, காலரையும் சரிசெய்தாயிற்று. வலது கை முழங்கையில் மடங்கி, ஆள்காட்டி விரல் மேலே நீண்டு, யாரையோ அதட்டப்போகிற வாக்கில் அப்படியே இருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்பாவின் அந்தக் கையை யாரும் இறக்கியதில்லை.

“இழுக்காதடா, வலிக்கப் போகுது” என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையணை உறையின் சுருக்கத்தை நீவுவதில் மும்முரமானாள்.

“கை உள்ள போகலம்மா.”

“போகலன்னா விடு. மேல துணி போட்டு மூடிக்கலாம். காலையில பக்கத்துலதானே நின்ன? அப்பவே இறக்கி வெச்சிருக்கலாம்ல?”

வைத்திருக்கலாம். ஆனால் செத்துப்போனார் என்று தெரிந்தால்தானே வைப்பதற்கு?

மணி ஏழு இருக்கும். அப்பா ஜன்னலோர நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிற ஜோடிகளுக்கும் வீட்டுக்காரர்கள் வீடு தர மறுக்கக்கூடாது என்று எங்கோ ஒரு நகராட்சி உத்தரவு போட்டிருந்தது. அதை உரக்க வாசித்தார். தாளை மடித்துத் தொடைமேல் வைத்தார். விரலை உயர்த்தினார். “இதெல்லாம் கடைசியில எங்க போய் முடியும்னா...” என்றார்.

அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். தீர்ப்புக்கு முன்னால் அப்பா இடைவெளி விடுவார், கேட்கிறவன் கழுத்து கொஞ்சம் நீளட்டும் என்று. அவனும் வாயில் நுரையோடு காத்திருந்தான். கொப்பளித்துவிட்டுக் காத்திருந்தான். முகம் துடைத்துக்கொண்டும் காத்திருந்தான். அப்புறம்தான் இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போவதாகப் பட்டது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “போய் இருபது நிமிஷம் ஆகியிருக்கும்” என்றார். அந்த இருபது நிமிஷமும் அவன் தீர்ப்புக்காகத்தான் காத்திருந்திருக்கிறான்.

“கண்ணாடியைப் போட்டு விடு” என்றாள் அம்மா. “அது இல்லாம அவரு மாதிரியே இல்ல. யாரோ வந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கு.”

அவன் மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்தான். சட்டென்று போட்டுவிடவில்லை. இரண்டு வில்லைகளையும் வெளிச்சத்தில் பார்த்தான். துடைக்க வேண்டும்போல் இருந்தது, துடைக்கவில்லை. அப்படியே மாட்டிவிட்டான்.

கடைத்தெருவில் அப்பாவுக்குப் பெயர் ஜட்ஜ். நீதிமன்ற வாசலில் மழைக்குக்கூட ஒதுங்கியவர் அல்ல. விற்றது ஜன்னல் திரையும் வாசல் திரையும். காலையில் கடை திறந்ததும் பேப்பர், பேப்பர் முடிந்ததும் தீர்ப்பு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் டீ கிளாஸோடு வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய சட்டத்துக்கு ஒரே ஒரு பிரிவுதான்: வீடு என்றால் மறைவு வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகப் பிறக்கும். “சோறு போட்ட தட்டைப் படம் எடுத்து ஊருக்கே காட்டறான். நிஜமாப் பசிச்சவன் எடுப்பானா?” என்பார். டிவி விவாதத்தைப் பற்றி, “எட்டுப் பேர் ஒரே நேரத்துல கத்தறான். எங்க வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்தாப்புல பேசினாலே நான் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்” என்பார். தனிக்குடித்தனம் போகத் திரை வாங்க வரும் புது ஜோடியிடமே, “தனியாப் போறது இருக்கட்டும் தம்பி, தனியா ஒரு பட்டன் தைக்கத் தெரியுமா?” என்று கேட்பார். மெல்லிசுத் துணி கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. “வெளிச்சம் வேணும்னா வெளியில போய் நில்லுங்க.” சாயம் போகிற துணியைச் சாயம் போகாது என்று சொல்லி ஒரு மீட்டர்கூட விற்றதில்லை. அதனால் அவர் வாய்க்குப் பயந்தவர்களும் அவர் கடைக்குத்தான் வந்தார்கள்.

அவனைத் தெருவில் சின்ன ஜட்ஜ் என்பார்கள். அப்பா காலையில் சொன்னதை மாலையில் அவன் சொல்வான். தன் கருத்து எது, அப்பாவுடையது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இதுவரை அவனுக்கு வந்ததில்லை.

வீடு கடைக்கு மேல்மாடி. படி குறுகல். வருகிறவர்கள் எல்லாரும் ஏறி இறங்க முடியாது என்று பத்து மணிக்கு அப்பாவைக் கீழே கொண்டுவந்தார்கள். திரை வெட்டுகிற நீள மேசையைத் துடைத்து, அதன்மேல் கிடத்தினார்கள். கையின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டான். விரல் இருந்த இடத்தில் துணி கூடாரம்போல் நின்றது. பார்க்க வந்தவர்கள் முதலில் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அந்தக் கூடாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அவனைப் பார்த்தார்கள்.

பூட்டுக்கடைக்காரர்தான் முதலில் வந்தார். அடுத்த கடை. அப்பாவுக்கு முப்பது வருஷ சிநேகிதம். கையில் தலைகீழாகப் பிடித்த ஒரு பூட்டு. பதட்டத்தில் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

“கடைசியா என்ன சொன்னார்?”

“இதெல்லாம் எங்க போய் முடியும்னா, அப்படின்னார்.”

“எங்கயாம்?”

“சொல்லல மாமா.”

பூட்டுக்கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். ரொம்ப நாளாகத் தேடிய சாவி கிணற்றில் விழுந்ததுபோல் ஒரு முகம். “எப்ப எடுக்கறீங்க?”

“நாலு மணிக்கு. பெட்டிக்குச் சொல்லியாச்சு. வண்டி தெருவுக்குள்ள வராது. முனை வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்.”

“தூக்கலாம், தூக்கலாம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அவளுக்குச் சொல்லலையே?”

அவள் என்றால் தங்கை.

“இல்ல.”

“சொல்லாதே. நான் அவளுக்கு எதிரி இல்ல. என் மடியில வளந்தவ. ஆனா ஒரு மனுஷன் பதினோரு வருஷமா ஒரே வார்த்தையைச் சொல்லிட்டு இருந்தா, அவன் போன அன்னிக்கே நாம அதை மாத்தினா, அது அவனை ரெண்டாவது தடவை கொல்ற மாதிரி. போன வாரம்கூட என் கடையில உக்காந்து சொன்னார். ‘நான் போனாலும் அவ வரக்கூடாது, நீ பாத்துக்கோ’ன்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்ல? சரின்னேன். அப்பவும் அவர் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தார். நானும் பாத்தேன். சட்டுனு எழுந்து போயிட்டார். ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. உடம்பு அப்பவே சரியில்ல போல.”

பூட்டுக்கடையில் பேரம் கிடையாது. பூட்டின் அட்டையிலேயே விலை அச்சடித்திருக்கும். முப்பது வருஷமாக அச்சடித்த விலைக்கு விற்ற மனிதரிடம் போய் அப்பா ஒரு விலை சொல்லியிருக்கிறார். எதிர்விலை கேட்க உட்கார்ந்திருக்கிறார். இவர் சரி என்று சொல்லிவிட்டார். அப்படித்தானா? அல்லது நிஜமாகவே சொன்னது சொன்னதுதானா? உடம்பு சரியில்லைதானா?

இதைப் புரிந்துகொள்ள அப்பாவின் கடையில் வியாபாரம் நடந்த விதம் தெரிய வேண்டும்.

விலை படியாமல் ஒருவர் படியிறங்கினால் முதலாளி கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் சரக்கின் மானம் போகும். இறங்கியவரும் திரும்பக்கூடாது. திரும்பினால் அவர் மானம் போகும். ஆகவே கால் முன்னால் போகும், காது பின்னால் நிற்கும். வாசலில் நிற்கிற மூன்றாவது ஆள்தான் கூப்பிட வேண்டும். “ஒரு நிமிஷம் வாங்க, கேட்டுச் சொல்றேன்.” இதில் யாருக்கும் தோல்வி இல்லை. எப்போது கூப்பிடுவது என்பதற்கு அப்பா ஓர் அடையாளம் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கூப்பிடு. போட்டபடியே இருந்தால் போகட்டும். கடைப்படியிலிருந்து பூட்டுக்கடை ஏழு அடி. அதைத் தாண்டினால் அடுத்த திரைக்கடை வந்துவிடும், அப்புறம் ஆள் நமக்கில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வாசலில் நின்றவன் அவன். தங்கையும் அதே கடையில் துணி மடித்து வளர்ந்தவள். அவளுக்கும் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், தங்கை கடைக்குள் வந்து நின்றபடியே சொன்னாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணமாகி விவாகரத்தானவர்.

“ஆம்பளை நர்ஸு. அதுவும் ஒரு தடவை வெட்டின துணி” என்றார் அப்பா. “முழு பீஸ் வாங்கப் பொறந்தவளுக்குக் கட்பீஸ் எதுக்குடி?”

“அவரைக் கட்பீஸ்னு சொல்லாதீங்கப்பா.”

“சொல்லுவேன். ஒரு திரைச்சீலையைத் துவைச்சுத் துவைச்சுப் பத்து வருஷம் வெச்சுக்கறான் மனுஷன். கட்டினவளை ரெண்டு வருஷம் வெச்சுக்கத் தெரியல இவனுக்கு.”

“அவங்கதான் விட்டுட்டுப் போனாங்க.”

“அது இன்னும் மோசம்.”

இப்படியே ஏறி ஏறிப் போயிற்று. கடைசியில் அப்பா அந்தக் கையைத் தூக்கினார். “அவன்தான்னா, கடைப்படி, வீட்டுப்படி ரெண்டும் நீ மிதிக்கக் கூடாது. நான் செத்தாலும் வராதே.”

தங்கை படியிறங்கினாள்.

அவன் வாசலில் நின்றான். அவள் நடந்த நடை அவனுக்குத் தெரிந்த நடை. திரும்பி அப்பாவைப் பார்த்தான். கண்ணாடி கையில் இருந்தது. வேட்டி நுனியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியையா, கண்ணையா, வேர்வையையா, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அடுத்த மாதம் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண்வீட்டார் கட்டுப்பெட்டிகள். தங்கையின் சங்கதி காதில் விழுந்தால் கலைந்துவிடும். தவிர, அப்பா சொன்னது நியாயம் என்றே அவனுக்கும் பட்டது. அப்பா சொன்னது எப்போதுமே அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்கிறது. அவன் வாயைத் திறக்கவில்லை.

அவள் பூட்டுக்கடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

“ஏன் கூப்பிடல?” என்று அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. “நல்லவேளை கூப்பிடல” என்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் கடையில் ஒரு பலகை தொங்கியது: ஒரே விலை, பேரம் கிடையாது. கடைத்தெரு முழுக்க ஆச்சரியப்பட்டது. ஜட்ஜ் கொள்கைக்காரர் என்றார்கள். வாசலில் ஆள் நிற்க வேண்டிய வேலை அன்றோடு போயிற்று. அவனை உள்ளே கூப்பிட்டு பில் போட வைத்தார். அது பதவி உயர்வா தண்டனையா என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு அவன் மாடிக்குப் போனான். மனைவி சொந்தக்காரர்களுக்கு டீ கலந்துகொண்டிருந்தாள். அம்மா உள்ளறையில் தனியாக, கட்டில் விளிம்பில்.

“அம்மா, அவளுக்கு...”

“ஏழரைக்கே சொல்லிட்டேன்.”

அவன் சுவரில் சாய்ந்தான். “நம்பர் எப்படி?”

“வியாழக்கிழமை வியாழக்கிழமை பேசுவேன். பத்து வருஷமா. அவரு சவரம் பண்ணிக்கப் போற நேரத்துல.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.” அம்மா தன் கைகளையே பார்த்தாள். “ஒரு வாரம் புதன்கிழமை ராத்திரியே சவரம் பண்ணிட்டு வந்திருந்தார். பளபளன்னு இருந்துது மூஞ்சி. அப்படியும் மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பிட்டார். ‘எங்கங்க, மழுங்க மழுங்கத்தானே இருக்கு’ன்னேன். ‘சரியா எடுக்கல’ன்னார். முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தார். கீழ்ப்படியில நின்னு ரெண்டு தடவை இருமிட்டு ஏறி வந்தார். அவருக்கு இருமலே கிடையாது.”

“அப்புறம் ஏன்மா கடைசி வரைக்கும் வரக்கூடாது வரக்கூடாதுன்னார்?”

“என்னைக் கேட்டா? இத்தனை வருஷம் இந்த வீட்டுல உங்க ரெண்டு பேர் பேச்சுதானே பேச்சு. நீதான் சொல்லணும்.”

“வராளா?”

“வருவா. ஆனா கூப்பிடாம படி ஏற மாட்டா. அவளும் அவரு பொண்ணுதானே.”

“நீ கூப்பிடலாம்ல?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, இரக்கமா, இரண்டும் இல்லாத வேறொன்றா, தெரியவில்லை. “நான் எப்பவுமே கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

அவன் கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். யாரோ வந்து தோளைத் தொட்டார்கள். யாரென்று பார்க்காமலே தலையாட்டினான். பூட்டுக்கடைக்காரர் சொன்னது ஒரு தட்டில், அம்மா சொன்னது ஒரு தட்டில். முள் நடுவில் நின்று நடுங்கியது. இப்படிப்பட்ட சமயத்தில் அவன் வழக்கமாக ஒன்று செய்வான். அப்பாவிடம் கேட்பான்.

ஒரு மணி சுமாருக்குத் தெருவில் பேச்சு அடங்கியது. அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். பூட்டுக்கடைக்கு அந்தப் பக்கம், இரண்டு கடைகளுக்கு நடுவில் இருந்த நிழலில், தங்கை நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். காதோரம் நரை. பக்கத்தில் நெட்டையாக ஒருவர், தோளில் பை, தலையைக் குனிந்தபடி. இவர்தான் கட்பீஸ். அவரை அவன் நேரில் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷம் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து அவன் மனதில் தைத்து வைத்திருந்த ஆளுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பூட்டுக்கடைக்காரர் தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழி மறிக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை. கண் கலங்கியிருந்தது அவருக்கு.

தங்கை கடையைப் பார்க்கவில்லை. தெருவின் மறுபக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம். மூன்று. அப்புறம் பையை வாங்கிக் கைமாற்றிக்கொண்டு, வந்த பக்கமே திரும்பி ஓரடி வைத்தாள்.

அவன் தலையைத் திருப்பிக் கடைக்குள் பார்த்தான். பழக்கம், வேறொன்றுமில்லை. மேசைமேல் அப்பா கிடந்தார். கண்ணாடி மூக்கில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. காலையில் அவனே மாட்டிவிட்டது. போட்டபடியே இருந்தால் போகட்டும்.

வாய் திறந்துவிட்டது.

“ஒரு நிமிஷம் வாங்க!”

கடைக்குரல். பதினோரு வருஷமாகத் தொண்டைக்குள் மடித்து வைத்திருந்ததால் ஓரத்தில் கிழிசலோடு வந்தது. தங்கச்சி என்று கூப்பிட நினைத்தான். செல்லப்பெயர் ஒன்றும் இருந்தது. வந்தது இதுதான். தெருவே திரும்பிப் பார்த்தது. வாடிக்கையாளர்களைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டதற்காக அவனுக்குக் காது சுட்டது.

தங்கை திரும்பினாள். அவள் முகம் ஒரு கணம் கோணியது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“அப்பாகிட்டக் கேட்டுட்டியா?” என்றாள் அங்கிருந்தே.

“கேக்கல” என்றான் அவன்.

அவள் வந்தாள். பூட்டுக்கடைக்காரர் உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் அவள் அழவில்லை. அப்பாவின் கால் பக்கத்தில் நின்றாள். அவ்வளவுதான். படியில் அம்மா இறங்கி வரும் சத்தம் கேட்டது, பாதியில் நின்றுவிட்டது. தங்கையின் கணவர் வாசலுக்கு உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் நின்றார். அவருடைய பார்வை கூடாரம்போல் நின்ற துணிமேல் போயிற்று. கொஞ்சம் யோசித்தார். பிறகு அவனிடம் கேட்டார்.

“நான் பாக்கலாமா?”

“என்ன?”

“கையை. இப்படியே பெட்டியில வெச்சா மூடி இடிக்கும்.”

அவன் நகர்ந்து வழிவிட்டான். அவர் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். துணியை விலக்கினார். நீட்டிய விரலைப் பார்த்தும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தோள்மூட்டில் ஒரு கையும் முழங்கையில் ஒரு கையுமாக வைத்து, அழுத்தாமல், அவசரப்படாமல், மெல்ல மெல்லத் தேய்த்து அசைத்தார். “கொஞ்சம் விடுங்க மாமா. அவ்வளவுதான். இதோ ஆச்சு” என்றார். வார்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். பிணத்தோடு பேசுகிறோம் என்றே அவர் நினைக்கவில்லை. கை இறங்க ஐந்து நிமிஷம் ஆனது. சட்டைக்கையை மாட்டி, பொத்தானைப் போட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வயிற்றின்மேல் வைத்தார்.

அவனுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே பொறுக்க முடியாத கோபம் வந்தது. யார்மேல் என்று தேடிப்பார்த்தான். ஆள் அகப்படவில்லை.

அவர் மாடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனதும் அண்ணனும் தங்கையும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் வாசலில் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கலைந்தார்கள்.

“வளத்தியா இருக்கார்” என்றான். ஏதாவது சொல்ல வேண்டுமே.

“ஆமா. எங்க வீட்டு நிலையில தினம் ஒரு தடவை இடிச்சுப்பார்.”

அவள் மேசை விளிம்பில் கத்தரிக்கோல் விழுந்த பழைய தழும்புகளை விரலால் தடவினாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“அன்னிக்கு நான் எறங்கிப் போனப்ப, அப்பா கண்ணாடியைக் கழட்டினாரா?”

கடைக்காரன் பிள்ளைக்கு எதையும் மூன்று விலையில் சொல்லத் தெரியும். இல்லை என்று சொன்னால் பாரம் முழுக்க மேசைமேல் கிடப்பவருக்குப் போய்விடும், அவர் மறுக்கப்போவதில்லை. ஞாபகமில்லை என்றால் யாருக்கும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

“கழட்டினார்.”

“தொடச்சாரா?”

“எதையோ தொடச்சார். கண்ணாடியையா கண்ணையான்னு நான் சரியாப் பாக்கல.”

“ஏன் பாக்கல?”

“கூப்பிட வேணாம்னு எனக்கே இருந்துது.”

அவள் தலையசைத்தாள். விலையைக் கேட்டுக்கொண்டேன், வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் சொல்லவில்லை என்கிற மாதிரி.

“நான் மெதுவாத்தான் நடந்தேன்” என்றாள்.

“தெரியும்.”

“பூட்டுக்கடை வாசல்ல செருப்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சேன்.”

“அதையும் பாத்தேன்.”

அவள் எழுந்தாள். அவனைத் தாண்டிப் போகும்போது அவள் கை அவன் தோளில் பட்டது. வேண்டுமென்றே வைத்தாளா, இடம் குறுகலாக இருந்ததால் பட்டதா என்று நிதானிப்பதற்குள் படியேறிப் போய்விட்டாள். மேலே அம்மாவின் குரல் ஓங்கிக் கேட்டது. அழுகையா திட்டா, மாடிக்கதவு சாத்தியிருந்ததால் பிடிபடவில்லை.

நாலு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். பின்னால் கடைத்தெரு ஆட்கள் இரண்டு பேர். முன்னால் இடது பக்கம் அவன். வலது பக்கம் பூட்டுக்கடைக்காரர் குனிந்து பிடித்தார். ஒரு சாண் தூக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“என்னால முடியாதுப்பா. வேற யாராவது வாங்க.”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மேல்படியில் தங்கையும் அம்மாவும் நின்றிருந்தார்கள். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்கள்.

அவன் சுவரோரம் நின்ற நெட்டை மனிதரைப் பார்த்தான். மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும். நாக்கு நுனி வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் அவரை அழைத்த சொல் ஒன்று முந்திக்கொண்டு வரப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டான்.

“நீங்க இந்தப் பக்கம் வாங்க.”

அவர் வந்தார். தோளில் வாங்கினார்கள். தூக்கியதுமே தெரிந்துவிட்டது, ஆகாது என்று. அவருக்கும் இவனுக்கும் அரையடி வித்தியாசம். பெட்டி இவன் பக்கம் சாய்ந்தது. பாரமெல்லாம் கழுத்தில் இறங்கியது. உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து இவன் பக்கம் ஒண்டுவதுபோல் இருந்தது. நிறுத்தச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் பெட்டி நேரானது.

படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். வெயில் முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தால் தங்கை பின்னால் வருகிறாளா, எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று தெரிந்துவிடும். பெட்டி கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்ததால் திரும்ப முடியவில்லை. பல காலடிகள் கேட்டன. எது அவளுடையது என்று பிரிக்கத் தெரியவில்லை.

“உங்களுக்குச் சரியா இருக்கா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ம்” என்றான்.

எப்படி நேரானது என்று கண்ணை மட்டும் தாழ்த்திப் பெட்டிக்கு அடியில் பார்த்தான். அவர் தன் உயரத்தை அவனுடைய உயரத்துக்கு இறக்கியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர்போல் இரண்டு முழங்கால்களையும் மடக்கி, தொடை நடுங்க, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். தெருமுனை இன்னும் தூரத்தில் இருந்தது. வண்டி கண்ணில் படும் வரை அவர் நிமிரவேயில்லை.